நிதித்துறை வேலை நேரம்: கம்பெனி சொல்லும் கணக்கா, வேலை பார்த்தவர் சொல்லும் கணக்கா?

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிதித்துறையில் வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்று தேடினால், முதலில் கையில் சிக்குவது தொழிலாளர் புள்ளியியல் துறையின் மாதாந்திரக் கணக்கு. பெரும்பாலும் அது நாற்பதுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அதை நம்பி, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று முடிவெடுப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஏனென்றால், அந்த எண் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கியது. மாதத்தின் 12ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் அதில் சேரும். கவுன்டரில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் விஷயத்தில் இது சரியாகவே வரும். மாதச் சம்பள அனலிஸ்ட் கதை வேறு. 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் குறிப்பிட்ட வகை அலுவலகப் பணிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு பெற்றவர் ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்தாலும் அதைக் குறித்து வைக்க யாருக்கும் அவசியம் இல்லை. வழக்கமான 40 என்றே பதிவாகிவிடும். 2024இல் ஜேபி மார்கன் வங்கி தன் இளநிலை முதலீட்டு வங்கியாளர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று ஓர் உச்சவரம்பு வைத்ததாகச் செய்தி வந்தது. வரம்பே அவ்வளவு!

அடுத்தது, சுமார் 60,000 வீடுகளில் மாதந்தோறும் எடுக்கும் கணக்கு. போன வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று ஆட்களிடமே கேட்கிறார்கள். இரண்டு வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டிக்கொள்வார்கள். மனசுக்கு நெருக்கமான கேள்விதான், ஆனால் எந்த வாரம் என்பதில் சிக்கல். 12ஆம் தேதி விழும் வாரம்தான் கணக்கு. 2023இல் அரசு விடுமுறையான கொலம்பஸ் தினம் அக்டோபர் 9, அதே வாரத்தில் வந்தது. பெரும்பாலான வங்கிகள் பூட்டியிருந்தன. 2024இல் அது 14ஆம் தேதி, அந்த வாரத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு அக்டோபரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், வேலைப்பளு திடீரென்று ஏறிவிட்டது என்று நினைத்துவிடலாம். அப்புறம், ஒரு மாநிலத்தின் ஒரே துறைக்கு என்று பிரித்தால் மிஞ்சும் வீடுகள் ரொம்பக் குறைவு.

மூன்றாவது, ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு. இது வழக்கமாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கிறது. பலரும் 40, 50 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள் என்ற குறை உண்டு. இருந்தாலும் ஒரு மாநிலத்தில் நிதி வேலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் கணக்கின் ‘நிதிச் செயல்பாடுகள்’ தலைப்புக்குள் வங்கி, காப்பீட்டோடு வீட்டுமனைத் தொழிலும் கார் வாடகைக் கடையும்கூட அடக்கம். வட்டி வரம்பை நீக்கிய 1981 மாநிலச் சட்டத்துக்குப் பிறகு கிரெடிட் கார்டு நிறுவனங்கள் குவிந்த டெலவேரும், காப்பீட்டுக்குப் பேர்போன கனெக்டிகட்டும், வால் ஸ்ட்ரீட் இருக்கும் நியூயார்க்கும் ஒரே தலைப்பில் வருகின்றன. மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிறுவனக் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே மாநிலத்தில் நேரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அதுதான் கைகொடுக்கும், மாதாமாதம் வருவதால். மாநிலத் துறைவாரி எண்கள் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழிக்காமல் வருபவை என்பதால், போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருஷத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

வேலைக்குச் சேரப்போகிறவர் என்றால், நியமனக் கடிதத்தில் ‘எக்ஸெம்ப்ட்’ (மேலே சொன்ன விலக்கு பெற்றவர்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்பெனி சொல்லும் சராசரியில் உங்கள் இரவுகள் இல்லை.