அவாஸ்டினா, ஐலியாவா? செங்கோட்டைப் பக்கத்துச் சர்க்கரைக் கண்களுக்கு

சர்க்கரையால் விழித்திரை நடுவில் நீர் கோத்தால் இந்த இரண்டு ஊசிகளின் பேரும் காதில் விழும். புது ரத்தக்குழாயை முளைக்கவும் கசியவும் வைக்கிற விஇஜிஎஃப் புரதத்தைக் கட்டிப்போடுவதுதான் இரண்டுக்கும் வேலை. என் ஓட்டு அவாஸ்டினுக்கு.

அது கண்ணுக்கென்று தயாரித்த மருந்தல்ல. 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அங்கே கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. நரம்பு வழியாக ஏறும். கண்ணுக்கோ 1.25 மி.கி., அதாவது 0.05 மி.லி. போதும். ஒரு 100 மி.கி. குப்பியைப் பல பேருக்குப் பிரிக்கலாம். மலிவின் ரகசியம் அதுதான்.

வினையும் அங்கேதான். குப்பியில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. பிரிக்கும்போது கிருமி புகுந்தால் அந்தக் குப்பியில் ஊசி போட்ட அத்தனை கண்ணும் ஆபத்தில். சுத்தக் காற்றோட்ட மேடையில் ஒரே தடவையில் தனித்தனி சிரிஞ்சுகளில் எடுத்து, குப்பியின் பேட்ச் எண்ணும் தேதியும் ஒட்டி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். குத்திய குப்பியையே மறுநாளும் குத்துகிற இடமா? எழுந்து வந்துவிடுங்கள். “அண்ணாச்சி, சிரிஞ்சில் லேபிள் இருக்கா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஐலியாவில் இந்தத் தலைவலி இல்லை, 2 மி.கி., ஒருவருக்கு ஒரு குப்பி. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பார்வை 6/15 (நல்ல கண் 15 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்கும் கீழே போனவர்களுக்கு ஐலியாவே முந்தியது என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பார்வை அவ்வளவு இறங்காதவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த எல்லையை ஒட்டி நிற்பவர்கள் டாக்டரிடம்தான் பேசவேண்டும்.

பிறகு ஏன் அவாஸ்டின்? தொடக்கத்தில் மாதம் ஒரு ஊசி. திருநெல்வேலிக்கோ, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போய்வரும் செலவு வேறு. விலை கூடிய ஊசியை இரண்டோடு நிறுத்தினால் நீர் திரும்பக் கோத்துவிடும். மலிவானதை விடாமல் போடுவதே மேல். ஃபாரிசிமாப் என்ற புதிய ஊசியை, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடலாம் என்கிறார்கள். அதைப் பற்றி அழுத்திச் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் போகட்டும்.

சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் எந்த ஊசிக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். போட்டபின் ஒரு வாரம் குற்றால அருவிப் பக்கம் தலையைக் காட்டாதீர்கள். வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.