பழைய ஜென்னுக்கு ரேடியோ: ஜே.சி. சாலைக் கடை ஒன்றைப் பற்றி

எங்கள் வீட்டில் 1998-ஆம் ஆண்டு மாருதி ஜென் இன்னும் ஓடுகிறது. அதன் கேசட் ரேடியோ ஓய்ந்துபோனதும், வீட்டருகே இருந்த ஒரு கடையில் புளூடூத் வசதியுள்ள சிங்கிள் டின் (ஒற்றை அடுக்கு அளவு) ரேடியோவைப் பொருத்தினேன். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். ஆனால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்தன, எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் கீச்சொலியும் கூடியது, எஃப்எம் 102.9-இல் வரும் விவித் பாரதி பெங்களூரு ஜெயநகரிலேயே இரைச்சலோடுதான் கேட்டது. முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் போய்விட்டன என்று சொல்லி அவற்றை இணைக்காமலே விட்டிருந்தார்கள்.

இத்தனை குறைகளோடும் டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையே ஜே.சி. சாலையில் உள்ள ஒரு சிறிய கடைக்குப் போனேன். வேலை பார்த்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர். வயரை வெட்டும் கருவியை எடுப்பதற்கு முன் அவர் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார் என்பதே இந்தக் கடையைப் பரிந்துரைக்க எனக்குப் போதுமான காரணம்.

ரேடியோவின் மஞ்சள் வயர், நிலையங்களை நினைவில் வைத்திருப்பதற்காக, எப்போதும் பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டும்; சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வர வேண்டும். முந்தைய கடையில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவிப் பக்கமே கொடுத்திருந்ததால்தான் நிலையங்கள் அழிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து, மஞ்சள் வயருக்குத் தனி ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்தார்.

கீச்சொலியை அவர் ஆராய்ந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் ஓடும்போதே ஆன்டெனா பிளக்கை உருவி, "இப்பவும் சத்தம் வருதா சார்?" என்று கேட்டார். ஆன்டெனா வழியாக வரும் சத்தமென்றால் அப்போது நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஆகவே அது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்வயர் வழியாகவோ எர்த் வழியாகவோதான் வருகிறது என்று முடிவு செய்து, டாஷ்போர்டுக்குள் பெயின்ட் பூசிய தகட்டில் முடுக்கியிருந்த கறுப்பு எர்த் வயரைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டிய உலோகத்தில் வைத்து இறுக்கினார். சத்தம் அடங்கிவிட்டது. எஃப்எம் இரைச்சலுக்குக் காரணம் வேறு: ஆன்டெனாவின் அடிப்பாகம் துருப்பிடித்து, கேபிளின் வெளிப்பின்னல் வண்டியின் உடலோடு தொடர்பற்றுப் போயிருந்தது.

போய்விட்டதாகச் சொல்லப்பட்ட முன்பக்க ஸ்பீக்கர்களின் முனைகளில் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் 'டக்' என்று உயிரோடு பேசின. பழைய ரேடியோவுக்காக அவற்றின் நெகட்டிவ் முனைகளை வண்டியின் உடலோடு சேர்த்திருந்தார்கள். இன்றைய ரேடியோக்களில் ஸ்பீக்கருக்கான இரண்டு வயர்களிலும் பேட்டரி அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியளவு, அதாவது சுமார் 6 வோல்ட் நிற்பதால், ஒன்றை உடலில் தொட்டால்கூட உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகக் கூடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே இரண்டு வயர்கள் இழுத்துக் கொடுத்தார்.

வேலை முடிய மூன்றரை மணி நேரம் ஆயிற்று; பொருளோடு கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். உட்கார இடமில்லை; வண்டி நிறுத்துவது பெரும்பாடு என்பதால் காலையில் கடை திறந்ததும் போய்விடுவது நல்லது. பெரிய ஆண்ட்ராய்டு திரையை வாங்கச் சொல்லி முதலாளி இருமுறை வற்புறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. 180-க்கு 50 மில்லிமீட்டர் துளைக்கு அது அடங்காது, டாஷ்போர்டை அறுக்க வேண்டும் என்று வேலை செய்தவரே சொல்லித் தடுத்தார். செய்த வேலைகளைப் பில்லில் விரித்து எழுதித் தரவில்லை என்பதும் ஒரு குறைதான்.

மீடியம் வேவில் 612 கிலோஹெர்ட்ஸைப் பிடித்தால் மட்டும் எஞ்சினோடு சேர்ந்து டிக்டிக் என்ற ஒலி இன்னும் வருகிறது. அது ஸ்பார்க் பிளக் வயர்களிலிருந்து எழுவது, தன் வேலையில் தீராது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அடுத்த சர்வீஸில் அந்த வயர்களை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.