கொசுவலையைக் காணோம்

நண்பன் பயன்படுத்தும் டாஸ்க் ஆப் சந்தாவை ஏற்றிவிட்டதாம். "நீ என்னவோ வெறும் ஃபைலில் எழுதி வைக்கிறாயே, நானும் அதற்கு வந்துவிடவா?" என்று கேட்டான். நேற்று கேட்டிருந்தால் சந்தோஷமாக வா என்றிருப்பேன்.

நான்கு வருடமாக டூடூ.டிஎக்ஸ்டி (todo.txt), அதாவது செய்ய வேண்டியதெல்லாம் ஒரே வெறும் எழுத்து ஃபைலில். அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர் ஜீனா டிரப்பானி 2006இல் கொண்டுவந்த முறை, வரிக்கு ஒரு வேலை. +வீடு, @கடை என்று குறி போட்டுவிட்டால், கடையில் நின்றபடி @கடை என்று தேடினால் போதும், மறந்ததெல்லாம் வந்து நிற்கும். முடிந்த வரியின் முன்னால் ஒரு எக்ஸ். யோசனைகளுக்கு +யோசனை. கேஸ் புக் பண்ணு என்ற வரிக்குக் கீழே, எப்போதோ எழுதிய சிறுகதைக் கரு ஒன்று சும்மா படுத்திருக்கும். அந்தப் பக்கத்து வீட்டு உறவு எனக்கு எந்த ஆப்பிலும் கிடைத்ததில்லை. முடிந்த வேலைகள் மட்டும் இரண்டாயிரம் வரிக்கு மேல் சேர்ந்தும் மொத்தம் ஒரு மெகாபைட்டைத் தொடவில்லை.

சரி, இனி வயிற்றெரிச்சல். ஜன்னல் கொசுவலைக்கு அளவெடுத்து ஃபோனில் எழுதியிருந்தேன். நேற்று மடிக்கணினியில் "கொசு" என்று தேடினால் ஒன்றுமில்லை. மறுபடி ஸ்டூல் போட்டு ஏறி, அளந்து, புதிதாக எழுதினேன். அப்புறம் பார்த்தால் நாலு வரி மேலே அதே கொசுவலை, அதே அளவு! கண்ணுக்கு இரண்டு "கொசு"வும் ஒன்றுதான். ஃபோன் கீபோர்டு "கொ"வின் குறியை ஒரே யூனிகோடு (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பொது முறை) எழுத்தாகப் போடுகிறது. என் பழைய மடிக்கணினி கீபோர்டு கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் போடுகிறது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் வெறும் ஃபைலில் தேடும் கருவி, உள்ளே எண்ணாகக் கிடக்கும் பைட்டைத்தானே பார்க்கும்?

இதற்கு மருந்து உண்டு. ஃபைல் முழுவதையும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்டை ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிட்டேன். தேடும் சொல்லையும் அதன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் "பௌர்ணமி"யை அதுவும் காப்பாற்றாது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டுப் பாதி ஊர் எழுதுகிறது, அவசரத்தில் நானும்தான். யூனிகோடு கணக்கில் அவை வேறு வேறு எழுத்துகள். அதனால் "ர்ணமி" என்று தேடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்டவனுக்கு: இங்கிலீஷில் எழுதுவதாக இருந்தால் இன்றே மாறு, காசு மிச்சம். தமிழில் என்றால் பேசாமல் சந்தாவைக் கட்டு. நான் மாறப் போவதில்லை. அந்த இரண்டு கொசுவலை வரியில் எதை அழிப்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, ஒன்றில் மூன்றரை அடி, மற்றதில் மூணரை அடி.