கென் முதலா, சுஸு முதலா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. வாள்சண்டை மாங்காவாக (ஜப்பானியப் படக்கதை) வாசித்துத் தள்ளுகிறவள், கோடை விடுமுறைக்கு வந்த இடத்தில், "மாமா, போரைப் பத்தி நிஜமான மாங்கா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். என் அலமாரியில் இரண்டு இருந்தன. கேஜி நகசாவாவின் 'பேர்ஃபுட் கென்', ஃபூமியோ கோனோவின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்'. ஊருக்குக் கிளம்பும்போது அவள் பையில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டு நாள் யோசித்து இரண்டாவதைக் கொடுத்தேன். அந்த யோசனைதான் இது. கதையின் திருப்பங்கள் வரும், வாசிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டும் ஹிரோஷிமாவைச் சுற்றிய கதை. இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கென் 10 பாகம், மற்றது தடித்த ஒரே புத்தகம். இரண்டிலும் பேச்சு ஹிரோஷிமா வட்டார வழக்கு. ஆங்கிலம் வழியாக வாசித்தவன் என்பதால் அந்த வழக்கின் ருசி எதில் கூட என்று என்னால் சொல்ல முடியாது.

நகசாவாவுக்குக் குண்டு விழுந்தபோது ஆறு வயது. பள்ளி வாசல் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்குள் சிக்கிச் செத்தார்கள். கோனோ பிறந்ததே 1968இல். பார்த்தவர் சொல்வதுதான் கனம் என்று நானும் வெகுநாள் நினைத்தேன். பார்த்ததையும் பட்டதையும் சொல்வதில் கென்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 'போர்க்காலத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்' என்பதுதான் கேள்வி என்றால் கணக்கு மாறுகிறது.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது அடுப்படி.

கென்னில் பசி ஒரு சம்பவம். ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அண்ணனும் தம்பியும் கட்டிப் புரளுகிறார்கள். கர்ப்பிணி அம்மாவுக்குக் கொடுக்க ஒரு வீட்டுக் குளத்தில் கெண்டை மீன் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பசிக்கும் ஒரு சண்டை, ஓட்டம், அழுகை. 1973இல் சிறுவர்களுக்கான வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது, வாரா வாரம் பிடித்து நிறுத்த வேண்டும். தவிர, கதை 1945 ஏப்ரலில் தொடங்கி முதல் பாகக் கடைசியிலேயே குண்டு விழுந்துவிடுகிறது. மிச்சம் ஒன்பது பாகமும் அதற்குப் பிந்தைய பாடு.

கோனோவின் நாயகி சுஸு 1944 பிப்ரவரியில் ஹிரோஷிமாவிலிருந்து குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். யமாட்டோ போர்க்கப்பல் கட்டப்பட்ட ஊர். மாமியாருக்குக் கால் வலி, நாத்தனாருக்கு நாக்கு நீளம். அங்கே பசி ஒரு வேலை. ரேஷன் குறையக் குறைய வேலை கூடுகிறது. ஓர் அத்தியாயம் கிட்டத்தட்ட சமையல் குறிப்பாகவே போகிறது: ஓரத்தில் முளைத்த டேன்டிலயன், வயலட் செடி என்று பறித்து வந்து எதை எதோடு சேர்ப்பது, எப்படி வேகவைப்பது. அதே இடத்தில்தான் 14ஆம் நூற்றாண்டுத் தளபதி குசுனோகி மசாஷிகே பெயரில் ஒரு சோறு வருகிறது. தவிடு நீக்காத அரிசியை வறுத்து, தண்ணீரில் ஊறவைத்து உப்பவைத்துப் பொங்குவது. பானை நிறைந்துவிடும், வாயில்தான் வைக்க முடியாது. தளபதியின் வீரம் பற்றி வசனமே தேவைப்படவில்லை, சாப்பிடுகிறவர்கள் முகம் போதும்.

சர்க்கரை அத்தியாயத்தை நான் நாலைந்து தடவையாவது வாசித்திருப்பேன். எறும்பு மொய்க்கிறதே என்று சர்க்கரைப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுகிறாள் சுஸு. அது முழுகிப்போகிறது. மாமியார் ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துக் கள்ளச்சந்தைக்கு அனுப்புகிறார். அங்கே விலையைக் கேட்டு மிரண்டு, வாங்கிக்கொண்டு திரும்பும்போது வழி தவறி, விலைமாதர் தெருவில் போய் நிற்கிறாள். அங்கே ஒருத்தி வழி காட்டுகிறாள், பதிலுக்கு சுஸு அவளுக்குத் தர்ப்பூசணி வரைந்து கொடுக்கிறாள். ஒரு பிடி சர்க்கரையின் பின்னால் போய் ஊரின் பொருளாதாரம் மொத்தத்தையும் காட்டிவிடுகிறார் கோனோ. குண்டு ஒன்றுகூட விழவில்லை.

அத்தியாயத் தலைப்புகளும் வெறும் மாதமும் வருடமும்தான். ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில் ஷோவா 19இல் (1944) நடக்கும் கதை ஹெய்செய் 19இல் (2007) மாதத்துக்கு மாதம் பத்திரிகையில் வந்திருக்கிறது. அன்றைக்கு வாசித்தவர்களும் சுஸுவோடு சேர்ந்து ஆகஸ்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

பறிப்பதையும் ஊறவைப்பதையும் வரைவதையும் செய்த அந்த வலது கை, 1945 ஜூனில் தாமதமாக வெடிக்கும் குண்டில் போய்விடுகிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நாத்தனார் மகளும் போய்விடுகிறாள். அதற்கப்புறம் படங்களின் பின்புலம் கோணிப்போகிறது, வீடு, மலை, சுவர் எல்லாம். கோனோ அவற்றை இடது கையால் வரைந்திருக்கிறார். ஊருக்குப் போன நாலாம் நாள் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கம் போட்டோவாக வந்தது: "மாமா, இது பிரிண்ட் சரியா விழலையா?" பதில் போடவில்லை. அரை மணி நேரத்தில் அவளே, "ஓ" என்று மட்டும் அனுப்பினாள். ஓராயிரம் பிணங்களை வரைந்தாலும் இது கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. குரேவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் 20 கிலோமீட்டர் போல. அணுகுண்டே அங்கே ஒரு வெளிச்சம், ஓர் அதிர்வு, மலைக்கு அப்பால் ஒரு மேகம். விமானம் போட்ட துண்டறிக்கைகளைக்கூடக் கசக்கி, வெட்டி, கழிப்பறைக்கு அடுக்கி வைக்கிறாள் சுஸு.

இதற்காகக் கென்னைக் குறைத்துப் பேச மாட்டேன். யார் பொறுப்பு என்ற கேள்வியில் கென் பல படி மேலே. கென்னின் அப்பா மூங்கில் ஈட்டிப் பயிற்சியைக் கிண்டலடித்ததற்குத் 'தேசத்துரோகி' ஆகிறார். குடும்பத்தை ஊரே ஒதுக்குகிறது, அந்தப் பெயரைத் துடைக்க மூத்த மகன் கடற்படையில் சேருகிறான். அவர்களைப் படுத்தி எடுத்த தெருத் தலைவன் சமேஜிமா, போர் முடிந்ததும் 'நான் அப்போதே சமாதானவாதி' என்று சொல்லித் தேர்தலில் நிற்கிறான். இந்த ஒரு பாத்திரத்துக்காகவே பின் பாகங்களை வாசிக்கலாம். பக்கத்து வீட்டுக் கொரியர் பாக் படும் அவமானத்தையும் நகசாவா மழுப்பாமல் வரைகிறார். கோனோவில், அன்று ஜப்பானின் காலனியாக இருந்த கொரியா என்பது சரணடைந்த அன்று ஒரு கட்டத்தில் ஏறும் கொடியும், அதைப் பார்த்து சுஸு குமுறும் சில வரிகளும்தான். அந்தக் கொடி எதென்று தெரியாத பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். என் முடிவில் எனக்கே உறுத்தும் இடம் இது.

மூன்றாவதாக ஷிகெரு மிசுகியின் 1973 மாங்காவும் உண்டு. போரில் பசிபிக்கின் நியூ பிரிட்டன் தீவில் இடது கையை இழந்த சிப்பாய் அவர். மலேரியா, மேலதிகாரி கன்னத்தில் விடும் அறை, வாயில் கவ்விய மீன் தொண்டையில் சிக்கிச் சாகும் சிப்பாய் என்று முகாமின் அன்றாடம். இரவல் வாங்கி ஒரே தடவை வாசித்தது, அதனால் போட்டியில் சேர்க்கவில்லை.

சுஸு இன்னும் திரும்பி வரவில்லை. அக்காவும் வாசிக்கிறாளாம். கென் முதல் பாகம் அடுத்த விடுமுறைக்கு என்று மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். 2012இல் மாட்சுஎ நகரப் பள்ளி நூலகங்களில் கென்னைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் உள்ளே வைக்கச் சொன்னார்கள், மறு வருடம் எதிர்ப்புக் கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். அதை வாசித்தபோது நன்றாகத் திட்டியவன் நான். இப்போது ஸ்டூல் போட்டு ஏறி அதே வேலையைச் செய்திருக்கிறேன்.