அடுத்தடுத்த இரு சுரங்கங்கள், இரு தீர்ப்புகள்: கிறிஸ்டலெக்ஸும் கோல்ட் ரிசர்வும்

வெனிசுவேலாவின் பொலிவார் மாநிலத்தில் லாஸ் கிறிஸ்டினாஸும் பிரிசாஸும் அடுத்தடுத்து அமைந்த தங்கப் படிவுகள். முன்னதைத் தோண்டும் ஒப்பந்தம் கிறிஸ்டலெக்ஸ் என்ற சுரங்க நிறுவனத்திடமும், பின்னதன் உரிமம் கோல்ட் ரிசர்வ் என்ற நிறுவனத்திடமும் இருந்தன. அதிபர் சாவேஸின் அரசு 2008-இல் முன்னதற்குச் சுற்றுச்சூழல் அனுமதியை மறுத்தது; பின்னதற்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. இரண்டு நிறுவனங்களும் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்தில் வழக்காடி வென்றன. கேள்வி, இவற்றில் எதன் பங்கை வைத்திருந்தவர் பிழைத்தார் என்பதே.

தீர்ப்பை மட்டும் பார்த்தால் கிறிஸ்டலெக்ஸே மேல். 2014-இல் கோல்ட் ரிசர்வுக்குக் கிடைத்தது 71.3 கோடி டாலரும் வட்டியும். 2016-இல் கிறிஸ்டலெக்ஸுக்கு 120 கோடியும் வட்டியும். வசூலிலும் அதுவே முந்தியது: அமெரிக்காவில் வெனிசுவேலா அரசுக்குச் சொந்தமாக இருந்த சிட்கோ எண்ணெய் நிறுவனத்தின் தாய் நிறுவனப் பங்குகளை முடக்க 2018-இல் அங்குள்ள டெலவேர் நீதிமன்றம் இசைந்ததால், வெனிசுவேலாவிடம் பணம் வரவேண்டியோர் வரிசையில் கிறிஸ்டலெக்ஸுக்கே முதலிடம்.

ஆயினும் அதன் பங்குதாரருக்கு இதனால் பெரிய பயன் விளையவில்லை. 10 கோடி டாலர் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர இயலாமல் 2011 டிசம்பரிலேயே கனடாவில் திவால் பாதுகாப்புக் கோரிய நிறுவனம், வழக்குச் செலவுக்கு டெனார் கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் கடன் வாங்கியது. டெனார் வட்டியோடு நிற்கவில்லை. தீர்ப்புத் தொகையின் நிகர வரவிலேயே பங்கு கேட்டது. கடன் கூடக் கூட அந்தப் பங்கு பாதியைத் தாண்டியது. எஞ்சியதிலும் கடன் பத்திரதாரருக்கே முன்னுரிமை; பங்குதாரர் கடைசி வரிசையில்.

கோல்ட் ரிசர்வுக்கும் ஏறக்குறைய அதே அளவு பத்திரக் கடன் இருந்தது. அது 2012-இல் பத்திரதாரருடன் பேசி, ரொக்கம், புதிய பங்குகள், தீர்ப்பில் ஒரு சிறு விகிதம் எனப் பிரித்துக் கொடுத்துத் தப்பியது. பழைய பங்குதாரரின் விகிதம் நீர்த்துப்போனது உண்மைதான். ஆனால் 2016-இல் அரசுடன் சமரசம் செய்து பெற்ற சுமார் 25 கோடி டாலரில், 2019-இல் பங்குக்கு ஏறத்தாழ 76 சென்ட் வீதம் அவர்கள் கைக்கே வந்தது. அதே சமரசத்தில் தன் சுரங்க ஆய்வுத் தரவுகளுக்கென 24 கோடி டாலர் தனி விலை பேசிய சாமர்த்தியத்தையும் மெச்சலாம்.

அந்தச் சமரசத்தையும் வெனிசுவேலா முழுதாக நிறைவேற்றவில்லை. தவணைகள் நின்றன, சமரசத்தின்படி அரசுடன் சேர்ந்து தொடங்கிய கூட்டுச் சுரங்க நிறுவனம் ஒரு டன் தாதுவும் எடுக்கவில்லை, மீதித் தொகைக்காகக் கோல்ட் ரிசர்வும் அதே டெலவேர் வரிசையில், கிறிஸ்டலெக்ஸுக்கு வெகு பின்னால் போய் நின்றது. இருந்தும் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், தீர்ப்புத் தொகையைப் பார்க்கும் முன் கடன் ஒப்பந்தத்தைப் படித்து, கோல்ட் ரிசர்வையே எடுத்திருப்பேன்.