எடுத்துக்கொண்டு வருவதா, அங்கேயே விட்டுவைப்பதா?

போன மாதம் ஒரே கிழமைக்குள் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அழைப்புகள். ஒன்று அக்காவின் மகன். யப்பானில் உணவுத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் முடிக்கப் போகிறான். மற்றவள் தங்கச்சியின் மகள்; இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, நான்காவது வருடம். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: “மாமா, சம்பளத்தில் வெட்டின பென்சன் காசை எடுத்துக்கொண்டு வாறதா, விட்டுட்டு வாறதா?”

இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

யப்பானில் ‘நென்கின்’ என்று வெட்டுவார்கள். ஆறு மாதமாவது கட்டி, பத்து வருடத்தை எட்டாமல் நாட்டை விட்டு வரும் வெளிநாட்டவருக்கு ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் ‘தத்தாய் இச்சிஜிகின்’. கணக்கைப் பாருங்கள். சராசரி மாதச் சம்பளம் 200,000 யென், 60 மாதம் கட்டியாயிற்று என்றால் சம்பளத்தின் 5.5 மடங்கு, அதாவது 1,100,000 யென் வரும். தொழிலாளி கட்டும் பங்கு 9.15 வீதம். ஐந்து வருடத்தில் அவன் கையிலிருந்து போனது 1,098,000 யென். ஆக, அவன் கட்டியதுதான் திரும்புகிறது. முதலாளி கட்டிய மறுபாதி அங்கேயே நின்றுவிடுகிறது. கொரியா இந்த விடயத்தில் நல்லது. ஈ-9 எனப்படும் தொழிலாளர் விசாவில் போனவர்களுக்கு இரண்டு பங்கையும் வட்டியோடு சேர்த்துக் கொடுக்கிறது.

வரி அடுத்தது. அந்த 1,100,000 யென்னில் 20.42 வீதத்தை யப்பான் முதலிலேயே கழித்துவிடும். 224,620 யென் போய், 875,380 தான் கணக்குக்கு வரும். நம்மவர்களில் பலர் “சரி, வந்தது போதும்” என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இது. இந்தத் தொகையை ஓய்வுக்கால வருமானமாகக் கணக்கிடச் சொல்லி விண்ணப்பித்தால் வருடத்துக்கு 400,000 யென் கழிவு உண்டு. ஐந்து வருடத்துக்கு 2,000,000. தொகையே அதைவிடக் குறைவு என்பதால் வரி எதுவும் இல்லை. வேறு ஓய்வுத் தொகை வாங்கியிராவிட்டால் கழித்த 224,620 யென்னும் திரும்பி வரும். ஆனால் யப்பானில் வசிக்கும் ஒருவரை வரி முகவராக, அவர்கள் சொல்வதுபோல் ‘நோசேய் கன்ரினின்’ ஆக, பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை விமானம் ஏறுமுன் வரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவோ சுகம்.

கெடுவையும் மறக்கக் கூடாது. யப்பானில் முகவரி இல்லாமல் போன நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வந்ததும் வீடு கட்டத் தொடங்கி, அந்த ஓட்டத்தில் மூன்றாவது வருடம்தான் கோப்பைத் திறந்தார். ஒரு யென்கூடக் கிடைக்கவில்லை. அந்த வீட்டின் மேல்தளம் இன்னும் பூசாமல் நிற்கிறது.

எடுத்தால் கட்டிய காலம் அழிந்துவிடும் என்பதும் உண்மை. திரும்ப யப்பான் போய்ப் பத்து வருடத்தை நிரப்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் எடுக்காதீர்கள். ஏழு, எட்டு வருடம் கட்டியவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் திருப்பிக் கொடுக்கும் கணக்கு 60 மாதத்தோடு நின்றுவிடும். எங்கள் மருமகன் வாழைச்சேனைப் பக்கம் கடை போடப் போகிறான், திரும்பிப் போகமாட்டான். எடு என்றேன்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். தங்கச்சியின் மகளுக்கு வெட்டுவது இரண்டு. தேசியக் காப்புறுதி ஒன்று, வேலைத்தள ஓய்வூதியம் மற்றது. இரண்டையும் அவள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள்.

தேசியக் காப்புறுதியைத் திருப்பிக் கேட்க வழியே இல்லை. பத்துத் தகுதி வருடம், அதாவது காப்புறுதிக் கணக்கில் சேர்ந்த வருடம், இருந்தால் முதுமையில் அரச ஓய்வூதியம். ஒன்பதில் நின்றால் பூச்சியம். முழுத்தொகைக்கு 35 வருடம் வேண்டும். 2025-26 இல் அது கிழமைக்கு 230.25 பவுண். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 66 பவுண் வரும். இலங்கையில் வசிப்பவருக்கு அந்தத் தொகை வருடாவருடம் ஏறாது, முதல் நாள் வாங்கிய இடத்திலேயே உறைந்து நிற்கும். அப்படியிருந்தும் சாகும்வரை பவுணில் வரும் காசு அது. ஆகவே நாலு வருடத்தில் மனம் சலித்துத் திரும்பி வருவதையும், பல்லைக் கடித்துக்கொண்டு பத்தை நிரப்புவதையும் அவள் தராசில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலைத்தள ஓய்வூதியம் அப்படியல்ல. அது அவள் பெயரில் இருக்கும் காசு, நாட்டை விட்டு வந்தாலும் அழியாது. ஆனால் இப்போதைக்கு 55 வயதுக்கு முன் தொட முடியாது. 2028 ஏப்ரல் 6 முதல் 57. அப்போது காற்பங்கு வரியில்லாமல் எடுக்கலாம். “இப்பவே எடுத்துத் தாறம்” என்று யாராவது தரகர் வந்தால் கதவைச் சாத்துங்கள். வயதுக்கு முன் எடுத்தால் 55 வீதம் வரை வரி, அதற்கு மேல் தரகரின் கூலி. அங்கேயே விட்டுவை என்று அவளிடம் சொன்னேன்; முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாறும்போதெல்லாம் அந்த நிதியத்துக்கு எழுதச் சொன்னேன்.

அவுஸ்திரேலியா சுருக்கம். தற்காலிக விசாவில் வேலை செய்து, விசா முடிந்து வெளியேறியவர் ‘சுப்பர்’ எனப்படும் ஓய்வூதியக் காசை எடுக்கலாம். வழக்கமாக 35 வீதம் வரி, 10,000 டொலருக்கு 6,500 கையில். நிரந்தர வதிவிடம் பெற்றவர் திரும்பி வந்தாலும் 60 வயதுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் அதன்பின் பெரும்பாலான நிதியங்களிலிருந்து அங்கு வரியின்றி எடுக்கலாம். நிரந்தர வதிவிட விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் அவசரப்பட வேண்டாம்.

இலங்கைப் பக்கம் 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருமான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. பத்து வருட இங்கிலாந்து ஓய்வூதியம் மட்டுமே வருமானமென்றால் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டாது. கடை, வாடகை, வட்டி என்று வேறு வருமானம் சேர்ந்தால் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் மாதாமாதம் பென்சன் வெட்டும் நாடுகளின் கதை. நமது மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் நிறையப் பேர் போவது வளைகுடாவுக்கு. அங்கே இவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, முடிவில் ‘சர்வீஸ் காசு’ மட்டும். குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 2015 ஆம் ஆண்டு 68 ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். வரி இல்லை. ஆறு வருடம் நின்றவருக்கு ஆறு மாதச் சம்பளம், அது கடன் இல்லை, கருணையும் இல்லை. எல்லாம் வாங்கிவிட்டேன் என்ற கடைசிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து ஊர் வந்தபின் அதைக் கேட்பது மிகவும் கடினம். அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ உங்கள் வீட்டில் யாராவது இந்த வருடம் திரும்புகிறார்களென்றால், பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தக் காசைக் கேட்டார்களா என்று இன்றிரவே அழைத்து விசாரியுங்கள்.