வைல்ட்லைஃப் லேப்ல ஃபீல்டு வேலையா, டேட்டா வேலையா?

ரெண்டும் ஒரே ரிசர்ச் குரூப் தான், ஆனா பொழப்பு வேற வேற. ஃபீல்டு ஆளுக்கு விடியுறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிரும், மிருகம் குறுக்க வந்தா தானா போட்டோ எடுக்குற கேமரா ட்ராப்ல பேட்டரி மாத்தணும், மெமரி கார்டு எடுக்கணும், எச்சம் கிடந்தா எடுத்து லேபிள் ஒட்டணும், இதுல அட்டைக்கடி உண்ணிக்கடி வேற. சம்பளமும் ப்ராஜெக்ட் பணம் இருக்குற வரைக்கும் தான்.

டேட்டா ஆளு சும்மா உக்காந்திருக்கான்னு நெனைப்பாங்க, ஆனா ஆயிரக்கணக்கான போட்டோல எக்கச்சக்கம் வெறும் காத்துல ஆடுற புல்லு தான். மெகாடிடெக்டர் மாதிரி ஏஐ காலி படத்த ஒதுக்கித் தரும், சரி, ஆனா மிருகம்னு சொல்லுமே தவிர எந்த மிருகம்னு சொல்லாது, அதுக்கு தனியா மெனக்கெடணும். அப்புறம் ஆக்குபன்சி மாடல், அதாவது ஒரு விலங்கு எந்தெந்த இடத்துல இருக்குன்னு கணிக்கிற கணக்கு, 2002ல மெக்கன்சிங்கற ஆராய்ச்சியாளரோட குழு ரிசர்ச் பேப்பரா போட்டது, விலங்கு அங்க இருந்தும் நம்ம கண்ணுல சிக்காம போற வாய்ப்பையும் சேத்து கணக்கு போடும். மண்டை காயும்.

பேப்பர்ல பேரு வர்றதுல டேட்டா ஆளுக்கு தான் லாபம், ஃபீல்டு அசிஸ்டெண்ட் பல நேரம் நன்றி பகுதியோட சரி, எனக்கு இது கடுப்பு. என்னக் கேட்டா மொதல்ல ஒரு சீசன் ஃபீல்டு தான், கேமராவ கோணலா கட்டினா என்ன ஆகும்னு தெரியாம மாடல் போட்டு என்ன பண்றது?